குழந்தைகள் நல ஆராய்ச்சிக்கு நிதி கேட்பது எப்படி?

போன மாசம் ஒரு இளம் சித்த மருத்துவர் என்னைத் தேடி வந்தார். என்னிடம் படித்தவர்தான். கையில் நாற்பது பக்க விண்ணப்பம்.

"ஐயா, சோகை பிடிச்ச குழந்தைகளுக்கு நெல்லிக்காய் லேகியம் கொடுத்து ஆராய்ச்சி பண்ணலாம்னு மூணு டிரஸ்டுக்கு எழுதிப் போட்டேன். மூணு பேரும் முடியாதுன்னுட்டாங்க. நம்ம வைத்தியம்னாலே இளப்பம்தான்" என்று வருத்தப்பட்டார்.

வாங்கிப் படித்தேன். முதல் பன்னிரண்டு பக்கம் நெல்லிக்காயின் பெருமை. அடுத்த பத்துப் பக்கம் சித்தர்களின் பெருமை. எத்தனை குழந்தைகள், என்ன சோதனை, எத்தனை நாள் என்பதெல்லாம் கடைசியில் அரைப் பக்கம்!

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் எழுதினேன். குழந்தைகளின் மாந்தக் கழிச்சலுக்கு நான் கொடுத்து வந்த மருந்தைப் பற்றிய விண்ணப்பம் அது. திரும்பி வந்தபோது ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: "இந்த மருந்து பலிக்கவில்லை என்றால், அது உங்களுக்கு எப்படித் தெரியவரும்?"

ஒரு வாரம் கோபம் அடங்கவில்லை. பிறகு என் நோயாளிப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். ஒரே தடவை வந்து, மறுபடி வராத குழந்தைகள்தான் பாதிக்கு மேல். அவர்கள் எல்லாரும் குணமாகிவிட்டார்கள் என்று நானாகவே நினைத்துக் கொண்டிருந்தேன்! பென்சில் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

'இது டாக்டர்கள் சமாச்சாரம், நமக்கெதுக்கு' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை மருத்துவம் படித்துக்கொண்டிருக்கலாம். உங்கள் ஊர் அறக்கட்டளையில் நீங்களே உறுப்பினராக இருக்கலாம். நாளைக்கே, 'உங்க குழந்தையை ஆராய்ச்சியில சேர்க்கலாமா?' என்று ஒருவர் உங்களைக் கேட்கலாம்.

தர்மப் பணம் ஆராய்ச்சிக்குக் கிடைக்குமா?

தாராளமாகக் கிடைக்கும். அமெரிக்காவில் இளம்பிள்ளைவாதத்தை எதிர்க்க, அதிபர் ரூஸ்வெல்ட் 1938-ல் ஒரு அறக்கட்டளையைத் தொடங்கினார். அவரும் அந்த நோயால் கால்கள் விளங்காமல் போனவர்தான். ஜனங்கள் பத்து சென்ட் நாணயங்களாக அனுப்பினார்கள். டாக்டர் சால்க்கின் தடுப்பூசி ஆராய்ச்சிக்குக் கைகொடுத்தது அந்தப் பணம்தான். 1954-ல் 18 லட்சம் குழந்தைகள் அந்தச் சோதனையில் பங்கெடுத்தார்கள். தடுப்பூசி பலன் தருகிறது என்று 1955 ஏப்ரல் 12-ல் அறிவித்தார்கள். சில்லறைக் காசு சாதித்த காரியம் இது!

யாரிடம் கேட்பது?

நம் நாட்டில் டாடா அறக்கட்டளைகள் போன்ற பழைய தர்ம ஸ்தாபனங்கள் இருக்கின்றன. பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் நம் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2008-ல் 'இந்தியா அலையன்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கின. குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் கம்பெனிகள், முந்தைய 3 வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ம் வருஷக் கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.

கேட்பதற்கு முன் அவர்களுடைய நோக்கங்களைப் படியுங்கள். சில டிரஸ்டுகள் சிகிச்சைக்குத்தான் கொடுக்கும், ஆராய்ச்சிக்குக் கொடுக்காது. கல்யாண வீட்டில் போய்க் கருமாதிச் செலவுக்குக் கேட்டால் கிடைக்குமா?

வெளிநாட்டுப் பணம் என்றால் கூடுதல் கவனம் தேவை. 2010-ம் வருஷச் சட்டப்படி மத்திய உள்துறையில் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புதான் அதை வாங்க முடியும். அப்படி வாங்கியதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுப்பதை 2020-ல் வந்த திருத்தம் தடுத்துவிட்டது.

கேள்வி ஒன்றே போதும்

விண்ணப்பத்தின் உயிர், அதில் இருக்கும் கேள்விதான். 'நெல்லிக்காய் லேகியம் சோகைக்கு நல்லதா?' என்று கேட்டால் அது பட்டிமன்றத் தலைப்பு. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: '2 முதல் 5 வயதுள்ள, ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு, இரும்புச்சத்து சிரப்போடு லேகியமும் சேர்த்துக் கொடுத்தால், சிரப் மட்டும் கொடுப்பதைவிட 90 நாளில் ஹீமோகுளோபின் கூடுதலாக ஏறுமா?'

இப்போது எல்லாமே அளக்கக்கூடியதாகி விட்டது. நெல்லிக்காயில் உள்ள வைட்டமின் சி, இரும்புச்சத்தை உடம்பு ஏற்க உதவும் என்பதால் கேள்விக்கு ஒரு காரணமும் இருக்கிறது. அவசியமும் உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை.

"ஏன் ஐயா, லேகியம் மட்டும் கொடுத்துப் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டார் அவர். கூடாது. பலன் தெரிந்த மருந்து கையில் இருக்கும்போது, நம் ஆராய்ச்சிக்காகச் சோகை பிடித்த குழந்தைக்கு அதை நிறுத்துவது பாவம். அப்படி எழுதினால் நெறிமுறைக் குழுவும் ஒத்துக்கொள்ளாது.

குழந்தை என்பதால்...

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் குழந்தைகள் பற்றிய ஆராய்ச்சிக்கென்றே தனி விதிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. பெற்றோரின் சம்மதம் கட்டாயம். 7 வயதைத் தாண்டிய பிள்ளையிடம் வாய்மொழியாகவும், 12-க்கு மேல் எழுத்திலும் அந்தப் பிள்ளையின் சம்மதத்தையும் வாங்க வேண்டும். நெறிமுறைக் குழுவில் மருத்துவர்கள் மட்டுமல்ல, சட்டம் தெரிந்தவரும் சாதாரணப் பொதுஜனம் ஒருவரும் இருப்பார்கள். குழு அனுமதித்த பிறகு, முதல் குழந்தையைச் சேர்க்கும் முன்பே, மத்திய அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்துவிட வேண்டும். பலன் வரவில்லையே என்று பின்னால் ஆராய்ச்சியை மூடி மறைக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

கணக்கை மறைக்காதீர்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் மருந்து விலையைப் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள். ரத்தப் பரிசோதனைச் செலவு, மருந்தில் ஈயம், பாதரசம், ஆர்சனிக், காட்மியம் இல்லையே என்று பார்க்கும் சோதனை, புள்ளியியல் நிபுணரின் சம்பளம், ஏதாவது பாதிப்பு வந்தால் சிகிச்சைக்கும் நஷ்டஈட்டுக்கும் காப்பீடு என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். முக்கியமாக, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாயின் பஸ் செலவும், அன்றைக்கு அவள் இழக்கிற கூலியும் கணக்கில் வரட்டும். அதற்காகப் பணத்தைக் காட்டி ஆசை மூட்டுகிற அளவுக்கும் போகக் கூடாது.

நம் இளம் மருத்துவர் நாற்பது பக்கத்தை ஏழு பக்கமாக்கிக்கொண்டு வந்தார். சித்தர்களுக்கு ஒரே ஒரு பத்தி. கடைசி வரியை அவராகவே சேர்த்திருந்தார்: 'லேகியத்தால் கூடுதல் பலன் இல்லை என்று தெரிந்தால், அதையும் வெளியிடுவேன்.'

"இதைப் படிச்சா பணம் கொடுப்பாங்களா ஐயா?" என்றார். "கொடுப்பாங்களோ இல்லையோ, ஒரு தாய்கிட்ட தைரியமாப் போய்க் குழந்தையைக் கேட்கலாம்" என்றேன்.

தாய்மார்களே! உங்களிடம் யாராவது அப்படிக் கேட்டு வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். நெறிமுறைக் குழு அனுமதி இருக்கிறதா? என் குழந்தைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? வேண்டாம் என்று பாதியில் விலகினால், வழக்கமான வைத்தியம் தொடருமா? முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவர் என்றால், மேற்கொண்டு உட்கார்ந்து பேசலாம்.