முதன்முதலில் எப்போது?

அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊர். சாயங்கால வேளை. கையில் சிறு கம்ப்யூட்டருடன் ஒரு மாது வாசற்கதவைத் தட்டுகிறார். சாமான் விற்க வந்தவரல்ல. சர்க்கார் கணக்குக்காக வந்தவர். வீட்டிலுள்ளவர்களின் வயதைக் கேட்டுப் பதிந்துகொள்கிறார். அவர்களில் யாரிடம் கேள்வி கேட்பது என்பதைக் கம்ப்யூட்டரே பொறுக்கிச் சொல்லிவிடுகிறது. 12 வயதுப் பையனாகவும் இருக்கலாம், 70 வயதுப் பாட்டியாகவும் இருக்கலாம். பதில் சொன்னால் 30 டாலர் ரொக்கம்!

கேள்விகள் சாதாரணமானவை அல்ல. கஞ்சா புகைத்தது உண்டா? கொக்கேயின்? ஹெராயின்? உண்டென்றால் முதன்முதலில் எந்த வயதில்? சமீபத்தில் என்றால் எந்த வருஷம், எந்த மாதம்?

இதையெல்லாம் ஓர் அந்நியர் முகத்தைப் பார்த்து யார் சொல்வார்கள்? அதனால் 1999-லிருந்து ஓர் உபாயம் செய்தார்கள். கேள்வி காதில் மாட்டிய கருவியில் கேட்கும். பதிலைத் தாமே விசையில் அழுத்த வேண்டும். எதிரே இருக்கும் மாதுக்கு அது தெரியாது.

அப்படியும் பொய் சொல்பவர் உண்டு. ஐரோப்பாவில் பள்ளி மாணவர்களிடம் நடத்தும் இதே மாதிரிக் கணக்கில் 'ரெலவின்' என்றொரு பெயரையும் சேர்த்தார்கள். அப்படி ஒரு வஸ்துவே உலகத்தில் கிடையாது. அதையும் உபயோகித்தேன் என்பவனின் மற்றப் பதில்களை எப்படி நம்புவது?

அமெரிக்கக் கணக்கு 1971-ல் ஆரம்பமாயிற்று. 1990 முதல் வருஷந்தோறும் நடக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 70,000 பேர். இதில் முதல் உபயோகத்தை மட்டும் தனியே ஏன் எண்ண வேண்டும்? ஏரியில் நிற்கிற தண்ணீரை மட்டும் பார்த்தால் வரத்து எவ்வளவு என்று தெரியாதல்லவா? மொத்தத்தில் பழைய ஆசாமிகளும் கலந்திருப்பார்கள். புதிதாக வந்தவர்களை எண்ணினால்தான் வாய்க்கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது புலப்படும்.

2004-ல் அது புலப்பட்டது. அந்த ஆண்டு புதிதாகக் கஞ்சா தொட்டவர்கள் 21 லட்சம் பேர். டாக்டர் சொல்லாமல் வலி மாத்திரை தின்னத் தொடங்கியவர்களோ 24 லட்சம்! போலீஸ் தெருமுனையில் காவல் நிற்க, விஷம் வீட்டு மருந்து அலமாரியில் இருந்தது. அடுத்த ஆண்டுகளில் விசாரித்தபோது, அந்த மாத்திரையைத் தின்றவர்களில் பாதிக்கு மேல் சிநேகிதரிடமோ உறவினரிடமோ காசில்லாமல் வாங்கியதாகச் சொன்னார்கள். கள்ளச் சந்தை வியாபாரியிடமிருந்து அல்ல, அத்தையிடமிருந்து!

கணக்கு சொல்லிவிட்டது, கேட்க வேண்டியவர்கள் நிதானமாகவே கேட்டார்கள். மாத்திரைக்கு அடிமையானவர்களில் ஒரு பகுதியினர் பிறகு ஹெராயினுக்குப் போனார்கள். பின்னர் சந்தைக்கு ஃபென்டானில் வந்தது. மருந்து மிஞ்சி இறந்தவர்கள் 2000-ல் ஏறக்குறைய 17,000 பேர். 2021-ல் 1,06,000-க்கும் மேல்.

கணக்கிலும் ஓட்டைகள் உண்டு. மனிதருக்கு ஞாபகம் ஏமாற்றும். எட்டு வருஷத்துக்கு முந்தியதை ஐந்து வருஷம் என்பார்கள். அதனால்தான் கடந்த 12 மாதங்களில் தொடங்கியவர்களை எண்ணுவதற்கு அதிக மதிப்பு. சிறையில் இருப்பவரும், விடுதியிலும் தங்காமல் தெருவில் கிடப்பவரும் இதில் சேர்வதில்லை. ஹெராயின் விஷயத்தில் இது சின்னக் குறையல்ல. தொடங்கிய வருஷத்திலேயே இறந்துபோனவரின் கதவை யார் தட்டுவது?

2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்ததும் கதவு தட்டுவது நின்றது. அக்டோபரில் இன்டர்நெட் வழியாகவும் பதில் சொல்லலாம் என்றார்கள். அறைக்குள் தனியே உட்கார்ந்து சொல்கிற பதில் வேறு, மாதுக்கு எதிரே காதுக் கருவியோடு சொல்கிற பதில் வேறு. ஆகவே 2021 முதலான எண்களைப் பழைய எண்களோடு ஒப்பிடக் கூடாது என்று கணக்கெடுத்தவர்களே எழுதி வைத்துவிட்டார்கள்.