கோடு போட்டவரும் கோடி பார்த்தவரும்!

ஸ்கேல் கிடையாது, ஸ்டென்சில் கிடையாது. அணில் முடி பிரஷ்ஷை எனாமலில் தோய்த்து, கார் பானெட் மேல் ஒரே இழுப்பு... நூல் பிடித்தாற்போல் கோடு!

1950-களில் கலிபோர்னியா கார்ப் பிரியர்களைக் கிறங்கடித்த 'வான் டச்' இவர்தான். நிஜப் பெயர் கென்னத் ஹோவர்ட். அப்பா, போர்டு எழுதும் பெயிண்டர்.

'இந்த டிசைன் போடுங்க' என்றெல்லாம் கேட்க முடியாது. எத்தனை மணி நேரம் என்று மட்டும் சொல்லிக் காசு தரணும். மற்றது அவர் கை போன போக்கு!

பணம் என்றாலே ஆசாமிக்கு அலர்ஜி. பிற்காலத்தில் ஒரு பழைய பஸ்தான் வீடு, பட்டறை எல்லாம். குடி உடம்பை அரித்தது. 1992-ல், 63 வயதில் போய்ச் சேர்ந்தார்.

வேடிக்கை அப்புறம்தான். அவர் பெயரை விலைக்கு வாங்கித் தொப்பியும் டி-ஷர்ட்டும் விற்றார்கள். 2000-க்குப் பின் ஹாலிவுட் நட்சத்திரங்கள் தலையிலெல்லாம் 'வான் டச்'!

கோடு போட்டவருக்குப் பஸ்... பேரை வாங்கியவர்களுக்குக் கோடி!