எந்த விளக்கை அணைப்பது?

2024 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கம். கெங்கவல்லியில் எங்கள் வீட்டு மின் அட்டையில், ஜனவரி, பிப்ரவரி ஆகிய இரு மாதங்களுக்கும் சேர்த்து 511 யூனிட் என்று கணக்கெடுப்பாளர் எழுதிச் சென்றார். கட்ட வேண்டிய தொகை 2038 ரூபாய். அட்டையைப் பார்த்த என் தந்தையார் அன்றே ஒரு சட்டம் போட்டார்: இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் எந்த விளக்கும் எரியக் கூடாது.

எங்களுடன் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்புப் படித்து வந்த என் அக்காள் மகளுக்கு அது பொதுத் தேர்வு நேரம். அவள் தாத்தாவிடம் எதிர்த்துப் பேசவில்லை. என்னிடம் வந்து, "மாமா, நான் படிக்கிற லைட்டுக்கு எத்தனை யூனிட் ஆகுது?" என்று மட்டும் கேட்டாள். கல்லூரியில் ஆண்டுதோறும் மின்னாற்றல் பாடம் நடத்தும் எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே நான் இங்கே சொல்லப்போகும் கணக்கு. வாசகர்களே, இதனை உங்கள் வீட்டிலும் நீங்களே செய்து பார்க்கலாம். கைக்கடிகாரம் ஒன்றும், ஒரு நோட்டும், சிறிது பொறுமையும் போதும்.

யூனிட் என்பது என்ன?

1000 வாட் திறனுள்ள கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் செலவாகும் ஆற்றலே ஒரு யூனிட். கருவியின் வாட் எண்ணை, அது இயங்கும் மணிகளால் பெருக்கி, 1000 ஆல் வகுத்தால் யூனிட் கிடைத்துவிடும்.

என் அக்காள் மகளின் மேசை விளக்கு 9 வாட் எல்.இ.டி. பல்பு. நாளுக்கு 4 மணி நேரம் எரிந்தால் 36 வாட் மணி. 60 நாளுக்கு 2160 வாட் மணி, அதாவது ஏறத்தாழ 2 யூனிட். அவ்விளக்கை இரு மாதமும் ஏற்றாமலே இருந்திருந்தாலும் 511 என்பது 509 ஆகியிருக்கும், அவ்வளவே!

அப்படியானால் என் தந்தையார் தவறு செய்தாரா? அவருடைய காலத்தில் அது தவறன்று. அப்போது படிப்பறையில் எரிந்தது 60 வாட் குண்டு பல்பு. அதே 4 மணி நேரத்திற்கு, அதே 60 நாளில், அது 14 யூனிட்டுக்கு மேல் எடுக்கும். குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை ஏறக்குறைய 2500 டிகிரி வரை சூடேறிய பிறகே ஒளி தருகிறது. கொடுத்த ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. எல்.இ.டி.யில் மின்சாரம் குறைகடத்தியில் நேரடியாக ஒளியாக மாறுவதால், 9 வாட்டிலேயே அந்த வெளிச்சம் கிடைத்து விடுகிறது. விளக்கு மாறிவிட்டது, சிக்கனம் பற்றிய நம் பழக்கம் மட்டும் மாறவில்லை. எது அதிகம் செலவழிக்கிறது என்று அளக்காமல், கண்ணுக்குத் தெரிவதை அணைக்கிறோம். விளக்கு கண்ணுக்குத் தெரிகிறது. குளிர்பதனப் பெட்டி மூலையில் ஓசையின்றி உண்கிறது!

மின்மானி என்னும் ஆய்வுக் கருவி

உங்கள் வீட்டு மின்மானியில், அதாவது மீட்டரில், ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் அருகில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். எங்கள் வீட்டு மீட்டரில் அது 3200. அவ்விளக்கு 3200 முறை மின்னினால் ஒரு யூனிட் செலவாயிற்று என்பது பொருள். பழைய சுழல் தட்டு மீட்டராயின், ஒரு யூனிட்டுக்குத் தட்டு எத்தனை சுற்றுச் சுற்றும் என்று குறித்திருப்பார்கள்.

ஒரு கருவியை மட்டும் இயக்கிவிட்டு, மற்ற அனைத்தையும் நிறுத்துங்கள். மின்னல்களை எண்ணி, ஆன நேரத்தை நொடியில் குறித்துக் கொள்ளுங்கள். 3200 என்று குறிக்கப்பட்ட மீட்டருக்குச் சூத்திரம் இதுதான்:

வாட் = 1125 × மின்னல்களின் எண்ணிக்கை ÷ நொடிகள்

உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால், 36,00,000 என்பதை அந்த எண்ணால் வகுத்து, 1125 க்குப் பதிலாக இட்டுக் கொள்க.

எங்கள் கூடத்து மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டு எண்ணினேன். 5 நிமிடத்தில், அதாவது 300 நொடியில், 20 மின்னல்கள். 1125 × 20 ÷ 300 = 75 வாட். மேசை விளக்கை ஏற்றியபோது ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் இடையே இரண்டு நிமிடத்திற்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் நொடிக்கு ஒன்றாக மின்னியது. அதன்படி மோட்டார் எடுப்பது ஏறத்தாழ 1100 வாட்.

மீட்டரைப் பார்க்கலாமே தவிர, தொடக் கூடாது. அதன் முத்திரையையோ கம்பிகளையோ எக்காரணம் கொண்டும் அசைக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் நிறுத்திய பின்னும்

இச்சோதனையில் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. எல்லாக் கருவிகளையும் வழக்கம்போல் நிறுத்திவிட்டு, குளிர்பதனப் பெட்டியின் இணைப்பையும் எடுத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்போதும் ஏறத்தாழ இரண்டு நிமிடத்திற்கு ஒரு மின்னல் தோன்றிக்கொண்டே இருந்தது. அதாவது 10 வாட் எங்கோ செலவாகிறது. ஒவ்வொரு செருகியாக எடுத்துப் பார்த்ததில் குற்றவாளி அகப்பட்டது. தொலைக்காட்சியை ரிமோட்டால் நிறுத்தியிருந்தோம். அதன் செட்டாப் பெட்டி மட்டும் இரவும் பகலும் விழித்திருந்தது! நாளொன்றுக்கு 240 வாட் மணி. மேசை விளக்கைப் போல ஆறு மடங்குக்கு மேல். இதை யாரும் அணைக்கச் சொன்னதில்லை.

எல்லாச் செருகிகளையும் எடுத்த பின்னும் மீட்டர் மின்னினால், வீட்டுக் கம்பிகளில் கசிவு இருக்கலாம். அது பணச் செலவு மட்டுமன்று, உயிருக்கும் ஆபத்து. தேர்ந்த மின் பணியாளரை உடனே அழையுங்கள்.

குளிர்பதனப் பெட்டியை இப்படிச் சில நிமிடங்களில் அளக்க இயலாது. அதன் அமுக்கி சிறிது நேரம் ஓடும், சிறிது நேரம் ஓயும். ஆகவே நாங்கள் ஒரு திருமணத்திற்காக ஆத்தூர் சென்றபோது, அதனை மட்டும் இயங்கவிட்டு, புறப்படும்போதும் மறுநாள் திரும்பியபோதும் மீட்டர் எண்ணைக் குறித்தேன். 24 மணி நேரத்தில் 2 யூனிட்!

வீட்டின் வரவு செலவு

அளந்தவற்றைக் கொண்டு 60 நாள் கணக்கை எழுதினேன்:

மின்விசிறிகள் நான்கு, நாளுக்கு 10 மணி வீதம் – 180 யூனிட்
குளிர்பதனப் பெட்டி – 120
தண்ணீர் மோட்டார், நாளுக்கு 1 மணி – 66
விளக்குகள் (9 வாட் எல்.இ.டி. ஆறு, பழைய குழல் விளக்கு இரண்டு) – 47
வாளியில் போடும் ஹீட்டர், 1500 வாட், நாளுக்கு அரை மணி – 45
தொலைக்காட்சியும் செட்டாப் பெட்டியும் – 29
இஸ்திரிப் பெட்டி – 15
மிக்சி, கிரைண்டர் – 6

கூட்டினால் 508. அட்டையில் இருந்தது 511. செல்பேசி மின்னூட்டி போன்ற சில்லறைச் செலவுகளும் உண்டு. நாம் எல்லா நாளும் ஒரே அளவாகப் பயன்படுத்துவதும் இல்லை. ஆகவே பத்து இருபது யூனிட் வேறுபட்டாலும் கவலை வேண்டாம். எது பெரிது, எது சிறிது என்பது தெரிந்தால் போதும். விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் சேர்ந்தே பாதிக்கு மேல் என்பதைக் கவனியுங்கள்.

ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்!

இங்கே கட்டணக் கணக்கையும் சிறிது பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து, எங்கள் அட்டைக்கும் பொருந்திய வீதம் இது. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் அடங்கினால், அடுத்த 100 யூனிட் 2.25 ரூபாய் வீதம்; 201 முதல் 400 வரை 4.50 வீதம்; 401 முதல் 500 வரை 6 வீதம். ஆக, 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய். ஆனால் 500 ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரைக்குரிய சலுகை போய், அதற்கும் 4.50 ஆகிவிடும், தாண்டிய யூனிட்டுக்கு 8 ரூபாய். ஆகவே 501 யூனிட்டுக்கு 1958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! கட்டண வீதங்கள் அவ்வப்போது மாற்றப்படுகின்றன. உங்கள் அட்டைக்கு உரிய வீதத்தை இட்டு இதே முறையில் கணக்கிட்டுப் பாருங்கள். எல்லைக்கு அருகில் இருக்கும் வீட்டில், சிறிய சேமிப்பும் பெரிய பலன் தரும்.

எங்கே குறைப்பது?

பணம் செலவில்லாதவற்றை முதலில் செய்தோம். செட்டாப் பெட்டியைத் தொலைக்காட்சியோடு சேர்த்துச் சுவிட்சில் நிறுத்தினால் 11 யூனிட் மிச்சம்.

அடுத்தது மோட்டார். 1000 லிட்டர் நீரை 60 மீட்டர் உயர்த்த இயற்பியல் கேட்பது எவ்வளவு? நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் 588 கிலோஜூல்; அதாவது 0.16 யூனிட். எங்கள் மோட்டார் முக்கால் மணி நேரம் ஓடி, 0.8 யூனிட்டுக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு இவ்வேலையைச் செய்கிறது. ஐந்தில் ஒரு பங்கே பயன்; எஞ்சியது மோட்டாரின் வெப்பத்திலும் குழாயின் உராய்விலும் போகிறது. இதனை உடனே மாற்ற முடியாது. ஆனால் தொட்டி முக்கால் மணியில் நிறைந்த பின்னும் கால் மணி நேரம் வழிந்து ஓடியதை நிறுத்த முடிந்தது. 16 யூனிட் மிச்சம். சுவேத நதி வறண்டு கிடக்கும் மாதங்களில் நீரும் மிச்சம்.

குளிர்பதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது. பின்புறம் சுவரை ஒட்டி இருந்தால் கொட்டிய வெப்பம் வெளியேற வழியில்லை. அமுக்கி கூடுதலாக உழைக்கும். கதவில் ஒரு பத்து ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால், கதவின் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று பொருள். எங்கள் வீட்டில் தாள் தானாகவே விழுந்தது! ரப்பரை மாற்றிப் பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்த பின், நாளுக்கு 2 யூனிட் என்பது ஒன்றரை ஆயிற்று. 30 யூனிட் மிச்சம்.

சோக்கு வைத்த இரண்டு குழல் விளக்குகளுக்குப் பதிலாக 20 வாட் எல்.இ.டி. குழல்கள் போட்டதில் 19 யூனிட் மிச்சம்.

இந்நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 77 யூனிட். 511 என்பது 434 ஆகும். 2038 ரூபாய் 1329 ஆகும்.

இனி விசிறி. நிலைக்காந்தம் பொருத்திய புதிய வகை விசிறிகள், அதாவது பி.எல்.டி.சி. விசிறிகள், அதே காற்றை 30 வாட்டில் தருகின்றன. அதிகம் ஓடும் இரண்டை மட்டும் மாற்றினால் 65 யூனிட் குறையும். கட்டணத்தில் சுமார் 340 ரூபாய். ஒரு விசிறி மூவாயிரம் ரூபாய் என்று கொண்டால் போட்ட பணம் திரும்ப மூன்று ஆண்டுகள் ஆகும். எனவே வீட்டு விசிறிகள் அனைத்தையும் ஒரே நாளில் கழற்ற வேண்டியதில்லை. இரவெல்லாம் ஓடும் விசிறியை முதலில் மாற்றுங்கள்.

புதிய கருவி வாங்கும்போது அதன் நட்சத்திரச் சீட்டைப் படியுங்கள். 2001 ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின் கீழ் மைய அரசு 2002 இல் அமைத்த ஆற்றல் திறன் செயலகம், 2006 முதல் இந்நட்சத்திர முறையை நடத்தி வருகிறது. நட்சத்திரத்தை எண்ணுவதோடு நின்றுவிடாமல், குளிர்பதனப் பெட்டியின் சீட்டில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று குறித்திருப்பதையும் பாருங்கள். அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

வெப்பமே விலை உயர்ந்தது

ஒரு வாளி, அதாவது 20 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க 1680 கிலோஜூல் வேண்டும். இது ஏறத்தாழ அரை யூனிட். இதே அரை யூனிட்டில் பழைய விசிறி ஆறு மணி நேரத்திற்கு மேல் ஓடும். மேசை விளக்கோ ஐம்பது மணி நேரத்திற்கு மேல் எரியும். ஒரு வாளி வெந்நீரும், பன்னிரண்டு இரவுப் படிப்பும் மின் கணக்கில் ஒன்றே! நம் பக்கத்து வெயிலில் மொட்டை மாடித் தொட்டி நீர் மாலையில் தானே இளஞ்சூடாகிறது. காலைக் குளியலை மாலைக்கு மாற்ற முடிந்தவர்களுக்கு அது இலவச வெந்நீர்.

சேமிப்பு நம் பையோடு முடிவதில்லை. நமது சேலம் மாவட்டத்து மேட்டூர் அனல் மின் நிலையம் போன்ற இடங்களில் ஒரு யூனிட் மின்சாரம் உண்டாக்க ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிக்க வேண்டும். இரு மாதத்தில் 142 யூனிட் குறைத்தால், எங்கோ ஒரு சுரங்கத்திலிருந்து வர வேண்டிய சுமார் 100 கிலோ நிலக்கரி வராமலே நின்றுவிடும்.

மாற்றங்கள் எல்லாம் செய்து முடித்தபின், பருவம் ஒத்திருக்க வேண்டும் என்பதற்காக 2025 ஜனவரி, பிப்ரவரி அட்டையோடு ஒப்பிட்டேன். என் கணக்கு 369. அட்டை காட்டியது 381. பழைய 511 ஐ நோக்க 130 யூனிட் குறைவு.

மேசை விளக்கின் கணக்கை என் தந்தையாரிடம் மறுநாளே நோட்டோடு காட்டினேன். அவர் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். பத்து மணிச் சட்டம் அன்றே நீக்கப்பட்டது. இப்போது தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்துவது அவர் பொறுப்பு, தவறாமல் செய்கிறார்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது படிக்கும் விளக்கை அணைக்கச் சொன்னால் வருந்த வேண்டாம். மீட்டர் முன் நின்று எண்ணுங்கள். எண்ணியதை நோட்டில் எழுதிப் பெரியவர்களிடம் காட்டுங்கள். சிக்கனம் நல்லதே, அதை எங்கிருந்து தொடங்குவது என்பதை மட்டும் மின்மானியைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.