மீன் தொட்டியின் பகைவர்கள்

சென்ற மார்கழியில் எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இருந்த பொன்மீன்கள் ஆறும் மூன்று வாரத்திற்குள் மாண்டன. புது ஆற்றில் துண்டால் அரித்துப் பிடித்த கெண்டைக் குஞ்சுகள் இரண்டை அத்தொட்டியில் விட்டவன் நானே. விலங்கியல் படிப்பவன் செய்யத்தக்க செயலன்று அது.

முதலில் தோன்றியது வெண்புள்ளி நோய். துடுப்பிலும் உடலிலும் உப்புப் பொடி தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். மீன் கூழாங்கல்லில் உடலைத் தேய்க்கும். இக்தியோப்திரியஸ் என்னும் ஓரணு உயிரியே காரணம். மீனின் தோலுக்கு அடியில் அது தங்கியிருக்கும் வரை நீரில் கலக்கும் மருந்து அதனைத் தீண்டாது. வளர்ந்தபின் மீனை நீங்கித் தொட்டியின் அடியில் படிந்து, உறையினுள் நூற்றுக்கணக்கில் பிளவுறும். அக்குஞ்சுகள் வெளிப்பட்டு ஓரிரு நாட்களுக்குள் வேறு மீனைப் பற்றியாக வேண்டும். அப்போதுதான் அவற்றைக் கொல்ல இயலும். புள்ளிகள் மறைந்தது கண்டு நான் மருந்தை நிறுத்திவிட்டேன். ஒரு வாரத்தில் அவை பன்மடங்காகத் திரும்பின.

லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் கல் உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து, நீரை 28 முதல் 30 பாகை வெப்பத்தில் வைத்து, காற்றுக் குமிழியை நிறுத்தாமல் இரண்டு வாரம் தொடர வேண்டும். சித்திரையில் தஞ்சைத் தொட்டி நீர் தானாகவே அவ்வெப்பத்தை எட்டிவிடுகிறது. மார்கழிக் குளிரே இந்நோய்க்கு உகந்த காலம்.

கண்ணுக்குத் தெரியும் பகைவர் நங்கூரப்புழுவும் மீன் பேனும். பெயர்தான் புழு, பேன். இரண்டும் இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. முன்னது நூல்போல் தோலில் தொங்கும். ஈரத்துணியால் மீனைப் பிடித்து, தோலோடு ஒட்டிய இடத்தில் சாமணத்தால் பற்றி மெல்ல இழுக்க வேண்டும். பேன் தட்டையானது, மீனின் மேல் நகர்ந்து திரியும். அதன் முட்டைகள் கண்ணாடியிலும் கற்களிலும் வரிசையாக ஒட்டியிருக்கும். அவற்றைச் சுரண்டாவிடில் மீன்மேலிருந்து எடுத்ததனால் பயனில்லை.

வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தில் இரண்டு சொட்டு விடும்படி அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் கூறினார். பேன் சாகும் என்பது மெய்தான். அளவு சற்று மிகுந்தால் மீனும் சாகும்.

கடல் நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்போருக்கும் இதே பாடுதான். அக்ரோபோராப் பவளத்தைத் தின்னும் தட்டைப்புழுவை மருந்து நீரில் அமிழ்த்தி உதிர்க்கலாம். அதன் முட்டைகள் அதற்கு அசைவதில்லை. ஆகவே பவளத்தின் அடிப்பாகத்தைச் சுரண்டி, பல வாரம் தனியே வைத்து மீண்டும் மீண்டும் அமிழ்த்துகின்றனர். (பாம்பனில் பொறுக்கி வந்து நாமும் வளர்க்கலாம் என எண்ண வேண்டா. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கற்பவளங்கள் 2001இல் சேர்க்கப்பட்டன.)

புதிய மீனை மூன்று வாரமாவது வேறு பாத்திரத்தில் வைத்துப் பார்ப்பது நலம். வாய்க்காலில் எடுத்த வேலம்பாசியை, இளஞ்சிவப்பாகக் கரைத்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து அலச வேண்டும்.

இப்போது இரண்டு புதிய பொன்மீன்கள் எங்கள் கொல்லைப்புறத்துப் பிளாஸ்டிக் தொட்டியில் பதினேழாம் நாளைக் கழிக்கின்றன.