கதிரவன் ஒளியும் நீரிலுள்ள நானோ துகளும்

பழவேற்காடு ஏரி தமிழகமும் ஆந்திரமும் பகிர்ந்துகொள்ளும் செல்வம். சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் சராசரி ஆழம் ஏறத்தாழ 1 மீட்டர்தான். எனவே நீர் தெளிந்திருக்கும்போது வெயில் உள்ளே நன்கு புகுகிறது. அவ்வொளியைக் கொண்டே கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் உணவு தயாரிக்கின்றன. பாசியைச் சிற்றுயிர்கள் உண்கின்றன. அவற்றை மீனும் இறாலும் உண்கின்றன. மீனவர் வீட்டு அடுப்பு எரிவது இந்தச் சங்கிலியால்தான்.

இச்சங்கிலியின் முதற்கண்ணியைத் தாக்கக்கூடிய ஒரு புதுப்பொருளைப் பற்றி நாம் அறிந்துகொள்வது நல்லது. அதுவே நானோ துகள். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால், ஒரு கூறு 1 நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள துகள்களை இன்று ஆலைகளில் செய்கிறார்கள். வெயிலுக்குப் பூசும் களிம்புகள் சிலவற்றில் டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் துகள் உண்டு. நாம் முகம் கழுவும் நீரோடு அது கால்வாய்க்கும் ஆற்றுக்கும் கழிமுகத்துக்கும் செல்ல வழியுண்டு.

இருட்டில் இத்துகள் பெரும்பாலும் சாதுவானது. வெயில் பட்டால் அதன் குணம் மாறுகிறது. ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் துகளின் எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடுகிறது. கிளம்பிய எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற வெற்றிடமும், நீரோடும் அதில் கரைந்துள்ள ஆக்சிஜனோடும் வினைபுரிகின்றன. அப்போது நொடியில் மறையும் வீரியமிக்க பொருள்கள் பிறக்கின்றன. அவை சாயத்தைச் சிதைக்கும்; கிருமியைக் கொல்லும். இப்பொருளின் மீது ஒளி பட்டால் நீரே பிரிகிறது என்பதை 1972-இல் ஜப்பானிய அறிஞர்கள் பியூஜிஷிமாவும் ஹோண்டாவும் வெளியிட்டனர்.

நீரைத் தூய்மை செய்ய இது நல்ல கருவி. ஆனால் கிருமி எது, பாசி எது என்று துகள் பிரித்தறியாது. 2012-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடற்பாசி நுண்ணுயிர்களை இத்துகளுடன் வைத்துச் சோதித்தார்கள். புற ஊதா ஒளி பட்ட இடத்தில் அவை பாதிக்கப்பட்டன. அவ்வொளியைத் தடுத்த இடத்தில் பாதிப்பு இல்லை. களிம்பு செய்வோர் பலர் துகளின் மேல் சிலிகா அல்லது அலுமினாப் பூச்சு இடுவது இவ்வினையை அடக்கத்தான்.

உப்புக்கும் இதில் பங்குண்டு. நன்னீரில் துகள்கள் தம் மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி மிதக்கும். உப்பு மிகுந்தால் அவை திரண்டு, ஒளி எட்டாத சேற்றில் படியும். மழைக்காலத்தில் நீர் கலங்குவதால் ஒளியும் குறைகிறது. ஆகவே ஒரே துகள் பருவத்துக்குப் பருவம் வேறுவிதமாக நடந்துகொள்ளும்.

சேற்றில்தான் இறால் வாழ்கிறது. பழவேற்காட்டில் இருளர் பெண்கள் நீரில் அமர்ந்து, கையால் சேற்றைத் தடவியே இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சேறுதான் வயல். எனவே ஒரு புதுத்துகளைப் பரிசோதனைச் சாலையின் நிழலில், நன்னீரில் மட்டும் சோதித்து நல்லது என்று சொல்லிவிடலாகாது. வெயிலிலும் உவர்நீரிலும் சோதித்த பிறகே சொல்ல வேண்டும்.

தோழியரே, ஒளி இறைவனின் கொடை. அது படும் நீரில் எதைக் கலக்கிறோம் என்பது நம் பொறுப்பு. மிஞ்சிய களிம்பையும் சாயத்தையும் கால்வாயில் கொட்டாதிருப்போம்.