படகு ஏறாத நோய்

காலைப் படகைத் தவறவிட்டால் நெடுந்தீவில் ஒரு நாள் போய்விடும். குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கடல்வழி ஏறத்தாழ ஒரு மணி நேரம். பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பேருந்து. சோளகக் காற்று மூர்க்கமாக வீசினால் அந்தப் படகும் இல்லை. கால் முறிந்த பிள்ளையை வீட்டார் எப்படியாவது கரைசேர்த்துவிடுவார்கள். "நித்திரை வருகுதில்லை, ஒண்டிலும் மனம் போகுதில்லை" என்கிற பிள்ளையை யார் படகேற்றுவது?

நோயில்லாதிருப்பது மட்டுமே சுகம் அல்ல, உடலும் மனமும் சமூக வாழ்வும் சேர்ந்ததே சுகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புவிதி 1948 முதல் சொல்லிவருகிறது. நெடுந்தீவு போன்ற யாழ்ப்பாணத்துத் தீவுகள் சேர்ந்த தீவகத்தில் அது கண்முன்னே தெரியும். இந்திய இழுவைப்படகு வலையை அறுத்துப்போட்டால் தகப்பனுக்குக் கடன் ஏறும். அந்தக் கடன் மகனின் ரியூசன் காசில், வீட்டுச் சண்டையில், அவன் தூக்கத்தில் வந்து நிற்கும்.

உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ படிக்க விரும்பும் தீவுப் பிள்ளைகள் பலர் பதினாறு வயதிலேயே யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டுக்கோ வாடகை அறைக்கோ போய்விடுகிறார்கள். 'படிக்கப் போன பிள்ளை' என்ற பெருமை அவர்களின் தனிமையை மூடிவிடுகிறது. ஊரில் நிற்பவர்களில் பலருக்கோ வெளிநாட்டுப் பயணம் எப்போது சரிவரும் என்ற காத்திருப்பு. 1990களின் இடப்பெயர்வில் பூட்டிய வீடுகள் புங்குடுதீவிலும் வேலணையிலும் இன்னும் பாழடைந்து கிடக்கின்றன. அவற்றைப் பார்த்து வளரும் பிள்ளை, போவதுதான் வாழ்க்கை என்று நினைப்பதில் என்ன பிழை?

போர்க்காலத்தில், 1985 மே 15 அன்று, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே கடலைத்தான் இன்றைய மாணவரும் கடக்கிறார்கள். போர் தனிமனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது என்று யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதிவருகிறார். பேசாத துயரம் அடுத்த தலைமுறைக்கும் போகும்.

குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணியைத் தேடி வீடு வீடாகப் போகும் நாடு இது. அதே வழக்கம் இளையோரின் மனதுக்கும் வேண்டும். உளவளத்துணையாளர் ஒருவர் குறித்த நாளில் படகேறி வந்து, பாடசாலையிலும் சனசமூக நிலையத்திலும் இருக்கவேண்டும். கோயில் திருப்பணிக்கு அள்ளிக் கொடுக்கும் புலம்பெயர் ஊர்ச் சங்கங்கள் அவருடைய தங்குமிடத்துக்கும் பயணத்துக்கும் ஒரு பங்கு தரலாம். மாலையில் பெண்பிள்ளைகளும் தயக்கமின்றிக் கரப்பந்து விளையாட ஒரு மைதானமும் விளக்கும் அமைத்துத் தரலாம். அதுவரை, நாடு முழுவதற்குமான மனநல உதவித் தொலைபேசி எண் 1926 ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும், ஒவ்வொரு இறங்குதுறையிலும் எழுதப்பட்டிருக்கட்டும்.