தரவுத்தள நீட்சிகளின் சார்புகள்: தானியங்கு நிறுவலும் ஆய்வுத்தரவின் பாதுகாப்பும்

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்துள்ள கிணறுகளின் நீர்த்தரம் பற்றிய ஆய்வொன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிணறும் தொழிற்பேட்டையிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது அதன் அடிப்படை வினாக்களுள் ஒன்று. கட்டற்ற மென்பொருளான போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இத்தொலைவைக் கணிக்க ‘எர்த்டிஸ்டன்ஸ்’ என்னும் நீட்சி உதவும். அதுவோ ‘கியூப்’ என்னும் மற்றொரு நீட்சியைச் சார்ந்தது. இச்சார்பு தானாக நிறைவு செய்யப்படும் முறையையும், ஆய்வாளர் கருதத்தக்க எச்சரிக்கைகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

சார்பும் தானியங்கு நிறுவலும்

எர்த்டிஸ்டன்ஸ் புவியை முழுக்கோளமாகக் கொண்டு, அகலாங்கு, நெட்டாங்குகளை முப்பரிமாணப் புள்ளியாக மாற்றுகிறது. அப்புள்ளிக்குரிய தரவுவகையைத் தருவது கியூப். ஒவ்வொரு நீட்சியின் கட்டுப்பாட்டுக் கோப்பிலும் அதன் சார்புகளைக் குறிக்க ‘ரிக்வயர்ஸ்’ என்னும் வரி இடம்பெறலாம். நீட்சி என்னும் அமைப்பு 2011இல் 9.1ஆம் பதிப்பில் வந்தது. அப்போது சார்புகளைப் பயனரே முறைப்படி ஒவ்வொன்றாக நிறுவ வேண்டியிருந்தது. 2016இல் வெளியான 9.6ஆம் பதிப்பு, ‘கிரியேட் எக்ஸ்டென்ஷன்’ கட்டளையில் ‘கேஸ்கேட்’ என்னும் சொல்லைச் சேர்த்தது. அச்சொல்லை இட்டால் கியூப் முதலில் நிறுவப்படும். சார்பின் சார்பும் அவ்வாறே நிறைவுறும்.

வரம்புகள்

கேஸ்கேட் எதையும் இணையத்திலிருந்து தரவிறக்காது. நீட்சிக்கோப்புகள் வழங்கியில் முன்பே இருத்தல் வேண்டும். முதன்மை நீட்சிக்குக் குறிப்பிட்ட பதிப்பைக் கேட்டாலும், சார்புகள் இயல்புநிலைப் பதிப்பிலேயே நிறுவப்படும். மேலும், எர்த்டிஸ்டன்ஸை நீக்கினாலும் கியூப் தானாக நீங்காது.

நீக்கலில் உள்ள இடர்

‘டிராப் எக்ஸ்டென்ஷன்’ கட்டளையிலும் கேஸ்கேட் உண்டு. ஆனால் அதன் திசை நேரெதிரானது. நிறுவும்போது அச்சொல் நீட்சிக்குத் தேவையானவற்றைக் கொண்டுவருகிறது; நீக்கும்போதோ அந்நீட்சியைச் சார்ந்தவற்றை அழிக்கிறது. கிணறுகளின் இருப்பிடம் ‘எர்த்’ வகை நெடுவரிசையில் இருக்க, கியூப் நீட்சியைக் கேஸ்கேட் உடன் நீக்கினால், அட்டவணை எஞ்சும். இருப்பிட நெடுவரிசை மறையும். அச்சொல் இன்றிக் கட்டளையிட்டால் மென்பொருள் நீக்க மறுத்து, சார்ந்துள்ளவற்றைப் பட்டியலிடும். எனவே முதலில் அவ்வாறே கட்டளையிட்டு அப்பட்டியலைப் படித்தல் நன்று.

முடிவுரை

ஆய்வாளர் மூன்றைக் கடைப்பிடிக்கலாம். அகலாங்கு, நெட்டாங்குகளைச் சாதாரண எண்களாகத் தனி நெடுவரிசைகளில் வைத்தல் முதலாவது. நீட்சி அழிந்தாலும் இருப்பிடத்தை மீளக் கணிக்கலாம். ‘பிஜி எக்ஸ்டென்ஷன்’ அட்டவணையிலுள்ள நீட்சிப்பெயர்களையும் பதிப்பெண்களையும் ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் பதிதல் இரண்டாவது. ‘பிஜி டம்ப்’ எடுக்கும் நகல் பொதுவாக அப்பதிப்பெண்களைச் சுமப்பதில்லை. நீக்கல் கட்டளையைப் பரிவர்த்தனைக்குள் இட்டு, விளைவைக் கண்டபின் உறுதிசெய்தல் மூன்றாவது. நிறுவலை மென்பொருளிடம் விடலாம். எவை நிறுவப்பட்டன என்பதை அறிந்திருக்கும் பொறுப்பு ஆய்வாளருடையதே.